பழைய டிராக்டருக்கு டர்போவும் ஆயில் கூலரும்: கடன் வாங்கும் முன் ஒரு பாடம்





எங்கள் தொழிற்கடன் குழுவுக்கு வழக்கமாக வரும் விண்ணப்பங்கள் தையல் மெஷினுக்கும் ஆட்டோ பழுதுக்கும் இருக்கும். சென்ற நோன்புக்கு முன் வந்த ஒன்று சற்று வித்தியாசமானது. திருநின்றவூர்ப் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரர், தம்முடைய பழைய டிராக்டரில் டர்போ மாட்டுவதற்கு வட்டியில்லாக் கடன் கேட்டிருந்தார். மூன்று சிலிண்டர், 2.5 லிட்டர், 40 குதிரைத்திறன் அளவிலான வண்டி. பருவத்தில் ஏரிப் பாசன நிலங்களில் வாடகை உழவு. கோடையில் தண்ணீர் டேங்கர் இழுவை. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு வருமானம் அந்த ஒரு வண்டிதான்.

"அத்தா, டர்போ போட்டா ரொட்டவேட்டர் ஒரு கியர் கூட இழுக்கும்" என்று மகன் சொல்லியிருக்கிறான். செல்போனில் பார்த்த வீடியோ அவனுக்கு ஆதாரம். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான்.

எங்களுக்குத் தயக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. இதற்கு ஓராண்டு முன் பூந்தமல்லிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, இதே மாதிரி ஒரு வண்டியில், ஒரு பட்டறையில் டர்போ மாட்டியது. முதல் இரண்டு வாரம் வண்டி பறந்தது. மூன்றாவது வாரம் சேற்று உழவின் நடுவே பிஸ்டன் உருகி நின்றுவிட்டது. உழவு சீசன் முழுக்க வண்டி பட்டறையில் கிடந்தது. வீட்டு நகை அடகுக்குப் போனது. அந்த வீட்டு அம்மா எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நாங்க வேகமா கேட்டோம்? வேலை நடந்தா போதும்னுதானே இருந்தோம்."

டிரஸ்ட்டின் பணம் அமானிதம். ஆகவே கொடுப்பதற்கு முன் நாங்களும் படித்தோம், அனுபவமுள்ள டீசல் மெக்கானிக்குகளிடமும் உட்கார்ந்து கேட்டோம். படித்ததை இங்கே பாடமாகத் தருகிறோம். டிராக்டர் இல்லாத வீட்டிலும் மெக்கானிக் தொழிலுக்குப் போகும் பிள்ளை இருப்பான். அவனுக்கும் இது பயன்படும்.

1. இன்ஜின் சாப்பிடுவது காற்று

டீசல் இன்ஜினின் பலம் எவ்வளவு டீசல் ஊற்றுகிறோம் என்பதில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஊற்றிய டீசல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று தேவை. நடைமுறையில் கரும்புகை இல்லாமல் ஓட 20 கிலோ அளவாவது இருந்தால் நல்லது.

நம் சகோதரரின் வண்டியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 2.5 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 2500 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் சொன்னால் 125 கேன். வழியில் உள்ள தடைகளால் உண்மையில் சிலிண்டருக்குள் போவது இதைவிடக் கொஞ்சம் குறைவு. எடையில் சுமார் 2.4 கிலோ. இதை 20-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 120 கிராம் டீசல். அந்த அளவு டீசலில் வருவதுதான் ஏறக்குறைய 40 குதிரைத்திறன். அதற்கு மேல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் கூடும்.

டர்போ செய்வது ஒரே வேலை. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். டிராக்டரில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி வந்த முதல் வண்டி, 1961-ல் அமெரிக்காவில் வெளிவந்த அல்லிஸ்-சால்மர்ஸ் டி19. பழைய டிராக்டரில் பிறகு மாட்டிக்கொள்ளும் டர்போ செட்டுகளையும் அந்நாட்டில் பல ஆண்டுகளாக விற்று வருகிறார்கள். ஆகவே இது புதிய மாயமும் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை.

2. ஆவடியில் இருக்கும் உதாரணம்

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. ஆவடி இன்ஜின் தொழிற்சாலை 1987 முதல் இயங்குகிறது. நம் வாசகர் குடும்பங்கள் சிலவற்றில் ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிதல்ல.

அங்கே தயாராகும் டாங்கி இன்ஜின்களின் மூலம், இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் டி-34 டாங்கியில் இருந்த 12 சிலிண்டர் டீசல் இன்ஜின். கொள்ளளவு 38.8 லிட்டர். அன்று அதன் பலம் 500 குதிரைத்திறன். அதே கொள்ளளவில், டி-72 டாங்கிக்கான இன்ஜின் 780 குதிரைத்திறன் தருகிறது. அதில் காற்றை அழுத்தும் சக்கரத்தை இன்ஜினே பல்சக்கரம் வழியாகச் சுற்றுகிறது. டி-90 டாங்கிக்கான இன்ஜினில் புகையால் சுற்றும் டர்போ. அது 1000 குதிரைத்திறன்.

கொள்ளளவு மாறாமல் பலம் இரண்டு மடங்கானது. ஆனால் அது ஒரே நாளில் ஒரு டர்போவை மாட்டி வந்ததில்லை. 500-லிருந்து 1000-க்கு வர அரை நூற்றாண்டு ஆனது. இடையில் உள்பாகங்கள் பலவும் திரும்பத் திரும்ப வடிவமைக்கப்பட்டன. டாங்கியில் தண்ணீருக்கு ரேடியேட்டர் இருப்பதுபோல் ஆயிலுக்கும் தனி ரேடியேட்டர் உண்டு.

டிராக்டரிலும் இதே கதைதான். 1971-ல் வந்த ஃபோர்டு 7000, அதற்கு முந்தைய ஃபோர்டு 5000-ன் 4.2 லிட்டர் இன்ஜினுக்கு டர்போ சேர்த்து உருவானது. 75 குதிரைத்திறன் 94 ஆனது. இன்று நம் பக்கத்தில் ஓடும் ஜான் டீர் வண்டிகளில் 5045 டி என்பது 45 குதிரைத்திறன், டர்போ இல்லாதது. 5310 என்பது 55 குதிரைத்திறன், டர்போ உள்ளது. இரண்டும் மூன்று சிலிண்டர், 2.9 லிட்டர்தான்.

இந்தக் கணக்குகளைக் கவனியுங்கள். கம்பெனியே செய்தபோதும் டிராக்டரில் கூடியது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பட்டறையில் யாராவது "டபுள் பவர்" என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

3. பலத்தோடு கூடவே வரும் சூடு

ஒரு லிட்டர் டீசலில் உள்ள சக்தி, மின்சாரக் கணக்கில் சுமார் 10 யூனிட். அதில் ஏறக்குறைய மூன்று யூனிட்தான் சக்கரத்துக்கு வேலையாகப் போகிறது. இன்னொரு மூன்று யூனிட் சைலன்சர் வழியே புகையாகப் போகிறது. மீதி, ரேடியேட்டர் தண்ணீரிலும் ஆயிலிலும் இன்ஜினின் உடம்பிலும் சூடாக இறங்குகிறது. ஆகவே நான்கில் ஒரு பங்கு பலம் கூடினால், சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ரேடியேட்டரோ பழைய ரேடியேட்டர். ஃபேனும் பழைய ஃபேன். வெயிலோ திருவள்ளூர் மாவட்டத்து மே மாத வெயில்.

காற்றும் அழுத்தும்போது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். 32 டிகிரி காற்றை அரை பார், அதாவது சுமார் 7 பி.எஸ்.ஐ. அழுத்தினால் அது 85 டிகிரிக்கு வந்துவிடும். சூடான காற்று விரிவதால், ஒன்றரை மடங்கு அழுத்தியும் உள்ளே போகும் காற்றின் எடை கால் பங்குதான் கூடுகிறது.

இந்தச் சூட்டை முதலில் தாங்குவது பிஸ்டன். அது அலுமினியக் கலவை. சூடு ஏற ஏற அதன் பலம் குறையும். டர்போவோடு வடிவமைத்த இன்ஜின்களில் இதற்கு ஏற்பாடு இருக்கும். மேல் ரிங் உட்காரும் இடத்தில் வலுவான இரும்பு வளையம், பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சும் சிறு குழாய், பெரிய ஆயில் பம்பு, அதற்கேற்ற கேஸ்கெட் என்று பல. நம் பழைய வண்டியில் இவற்றில் பெரும்பாலானவை இருக்காது. வெளியே டர்போ புதிதாகத் தெரியும். உள்ளே பிஸ்டன் பழையதுதான்.

பூந்தமல்லிக் குடும்பத்துக்கு நடந்தது இதுதான். டர்போ மாட்டியதோடு, பம்பின் சீலை உடைத்து டீசல் ஸ்குரூவையும் கண்மூடித்தனமாகத் திருகியிருந்தார்கள். புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் இல்லை. ஆயில் கூலர் இல்லை. கரும்புகை வந்தபோது "பவர் வருது" என்று சந்தோஷப்பட்டார்கள்.

4. ஆயில் கூலர் ஏன் முதலில்?

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவில் சுற்றும். அந்த வேகத்தில் அது இரும்பின் மேல் உட்காருவதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஒரு பக்கம் நெருப்புப் புகை, நடுவே ஆயில். அந்த ஆயில் திரும்பச் சம்புக்கு வரும்போது கூடுதல் சூட்டைச் சுமந்து வரும்.

ஆயில் 90 முதல் 110 டிகிரி வரை இருந்தால் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆயில் நீர்த்துப்போனால் டர்போ மட்டுமா பாதிக்கும்? கிராங்க் பேரிங்கும் சேர்ந்து தேயும்.

ஆயில் கூலர் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

இடம்: டிராக்டர் மெதுவாகப் போகும் வண்டி. ஓட்டக் காற்றை நம்ப முடியாது. ஃபேன் இழுக்கும் காற்றில் கூலர் இருக்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால், கூலரின் சூடு ரேடியேட்டருக்குள் போகும். அதனால் ரேடியேட்டரின் உள்ளும் புறமும் முதலில் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஹோஸ்: ஆயில் ஃபில்டர் இருக்கும் இடத்திலிருந்து கூலருக்குப் போய் வரும் ஹோஸ், சூடும் அழுத்தமும் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் குழாயும் கிளிப்பும் போதாது. அது ஒரு முறை கழன்றால் சில நொடிகளில் ஆயில் எல்லாம் தரையில், இன்ஜின் போச்சு.

தெர்மோஸ்டாட்: காலையில் ஆயில் சூடாகும் வரை கூலரைத் தவிர்த்துவிடும் வால்வு இருப்பது நல்லது. ஆயில் அதிகக் குளிராக இருப்பதும் தேய்மானமே.

5. வரிசை மாறக் கூடாது

மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்த வரிசை இது. பெரும்பாலானோர் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள்.

முதலாவது, உடல்நிலை பார்த்தல். கம்ப்ரஷன் சோதனை, பிரீதர் குழாயில் வரும் புகை, சூடான நிலையில் ஆயில் பிரஷர், வால்வு இடைவெளி, நாசில் தெளிப்பு. கம்ப்ரஷன் விழுந்த இன்ஜினுக்கு டர்போ மாட்டுவது, காய்ச்சல்காரரை ஓடச் சொல்வதற்குச் சமம்.

இரண்டாவது, ஆயில் கூலரும் மீட்டர்களும். ஆயில் பிரஷர், ஆயில் சூடு, தண்ணீர் சூடு, டர்போவுக்கு முன் புகையின் சூடு ஆகிய நான்கும் டிரைவர் கண்ணில் பட வேண்டும். தொடர்ந்த உழவில் புகைச் சூடு 650 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பான வழக்கம்.

மூன்றாவது, ஏர் கிளீனர். பழைய வண்டிகளில் ஆயில் தொட்டி ரகம் இருக்கும். காற்றின் அளவு கூடும்போது அந்த ஆயிலே உறிஞ்சப்பட்டு உள்ளே போகக்கூடும். போதிய அளவுள்ள உலர் ஃபில்டருக்கு மாற வேண்டும். உழவு நிலத்துத் தூசி, ஒரு லட்சம் சுற்றில் சுற்றும் சக்கரத்தை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

நான்காவது, டர்போ. 2.5 லிட்டர் இன்ஜினுக்கு ஏற்ற அளவு வேண்டும். லாரியில் கழற்றியது மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டினால், அதைச் சுற்ற வைக்கும் புகை நம் வண்டியில் இருக்காது. ஆயில் வரும் குழாயைவிட, திரும்பும் குழாய் முக்கியம்: பருமனாக, வளையாமல், கீழ்நோக்கிச் சரிந்து, சம்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டிக் கசிந்து நீலப்புகை வரும்.

ஐந்தாவது, முதல் ஸ்டார்ட். டர்போவுக்குள் கையால் ஆயில் விட்டு, ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்து, ஆயில் பிரஷர் ஏறும் வரை சும்மா சுற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆறாவது, கடைசியாக, டீசல். கூட்டுவதானால் பம்பு டெஸ்ட் பெஞ்சில் வைத்து, அளந்து, கொஞ்சமாக. டீசலைத் தொடாமல் டர்போ மட்டும் போட்டால் பலம் சிறிதளவே கூடும். ஆனால் புகை குறைந்து, புகைச் சூடும் குறையும். பழைய இன்ஜினுக்கு அதுவே போதுமான லாபம் என்று மூத்த மெக்கானிக் ஒருவர் எங்களிடம் சொன்னார்.

அதன் பிறகும் டிரைவரின் பழக்கம் மாற வேண்டும். கடும் உழவு முடிந்ததும் சாவியைத் திருகி அணைக்கக் கூடாது. மூன்று நிமிடமாவது ஐட்லில் ஓட விட வேண்டும். உடனே அணைத்தால், நின்றுபோன ஆயில் டர்போவின் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். டர்போ டீசலுக்கு உரிய ரக ஆயில் ஊற்றி, முன்பைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

6. இன்ஜினுக்குப் பின்னால் இருப்பவை

இன்ஜின் பலம் கூடினால் கிளட்ச், கியர் பாக்ஸ், பின் அச்சு எல்லாம் அந்தப் பலத்தைக் கடத்த வேண்டும். அவை 40 குதிரைத்திறனுக்குச் செய்தவை.

இன்னொரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. 5000 லிட்டர் டேங்கரில் தண்ணீர் மட்டும் ஐந்து டன். டர்போ இழுக்கும் பலத்தைக் கூட்டும். நிறுத்தும் பலத்தைக் கூட்டாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஆவடித் தெருக்களில் ஐந்து டன்னோடு வேகமாக வரும் டிராக்டருக்குப் பழைய பிரேக்தான் இருக்கிறது. டேங்கர் இழுவைக்காக மட்டும் டர்போ கேட்பவர்களுக்கு எங்கள் பதில் "வேண்டாம்" என்பதே.

சட்டமும் உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி, ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் கேட்கும். எனவே வேலை தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. அந்த விண்ணப்பம் என்ன ஆயிற்று?

சகோதரரையும் மகனையும் அழைத்துப் பேசினோம். முதல் படியான சோதனைக்கு மட்டும் சிறு தொகை கொடுத்தோம். ஏர் கிளீனர் சேற்றால் அடைபட்டிருந்தது. மூன்று நாசிலில் இரண்டு தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தன. ரேடியேட்டரின் இடுக்குகளில் பல வருஷத்து உமியும் மண்ணும். இவற்றைச் சரிசெய்து உழவுக்கு இறக்கியபோது, இழந்திருந்த பலம் திரும்ப வந்தது. ரொட்டவேட்டர் பழைய கியரில் புகையில்லாமல் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ்.

கம்ப்ரஷனில் ஒரு சிலிண்டர் சற்றுக் குறைவாக இருந்தது. ஆகவே டர்போவை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, ஆயில் கூலரும் மீட்டர்களும் மட்டும் மாட்டினார்கள். அடுத்த ஓவர்ஹாலில், டர்போவுக்கு ஏற்ற பிஸ்டன் செட் கிடைத்து, அனுமதியும் கிடைத்தால், மற்றதை யோசிக்கலாம் என்று முடிவு. கேட்ட தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை. மீதிப் பணம் வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று.

மகனுக்கு முதலில் வருத்தம்தான். பிறகு அவனே ஒரு நோட்டுப் போட்டு, தினமும் ஆயில் சூட்டையும் தண்ணீர்ச் சூட்டையும் எழுத ஆரம்பித்தான். பத்தாம் வகுப்பு முடித்தவன், ஐ.டி.ஐ.-யில் ஓராண்டு டீசல் மெக்கானிக் படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறான். இன்ஷா அல்லாஹ், அந்த டர்போவை அவன் கையாலேயே ஒரு நாள் மாட்டட்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க ஐந்து கேள்விகள்

1. டீசலை மட்டும் கூட்டினால் ஏன் கரும்புகை வருகிறது?
2. கொள்ளளவு மாறாமல் டாங்கி இன்ஜினின் பலம் 500-லிருந்து 1000 ஆனதற்கு டர்போவைத் தவிர வேறு என்ன மாற வேண்டியிருந்தது?
3. கடும் உழவு முடிந்ததும் வண்டியை உடனே அணைத்தால் டர்போவுக்கு என்ன ஆகும்?
4. உங்கள் வண்டியின் ஏர் கிளீனரைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?
5. கடன் வாங்கி ஒரு கருவியை மேம்படுத்தும் முன், இப்போது உள்ளதன் முழுப் பலனும் நமக்குக் கிடைக்கிறதா என்று எப்படி அறிவது?

தையல் மெஷினானாலும் மாவு மில்லானாலும் ஐந்தாவது கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. தொழிற்கடன் கேட்டு வருகிறவர்கள் அதற்கான பதிலோடு வந்தால், எங்கள் வேலையும் எளிது. உங்கள் கடன் சுமையும் குறையும்.